வயிற்றுக்கு மனச் சிகிச்சை: சிபிடியா, ஹிப்னோதெரபியா, வேறு வழியா?

ரத்தப் பரிசோதனை நார்மல். ஸ்கேன் நார்மல். கொலோனோஸ்கோபியும் நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார். வெளியே வந்ததும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடுகிறவருக்கு அந்த 'ஒண்ணும் இல்ல'வால் என்ன பயன்? ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்: பரிசோதனையில் எதுவும் தெரியாமலேயே வயிற்றுவலியும் உப்புசமும் மலம் கழிப்பதில் கோளாறும் தொடரும் குடல் தொந்தரவு) உள்ளவர்களில் ஏராளமானோர் வருடக்கணக்கில் இந்த இடத்திலேயே நிற்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

உளவியல் சிகிச்சை என்று யாராவது சொன்னதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அப்போ இது மனப்பிரமைதானா?" என்பது. கிடையாது. மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்க்கும் ஆய்வுகள் 1970களிலேயே நடந்திருக்கின்றன. மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தெரியும் அளவிலேயே ஐபிஎஸ் உள்ளவர்களில் பலருக்கு வலித்தது. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புகள் சின்னச் செய்தியைக்கூடப் பெரிதாக்கி அனுப்புகின்றன. உணவு விஷமாகி வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பிறகு ஐபிஎஸ் தொற்றிக்கொள்கிறது. வலி உண்மை, அதன் காரணமும் உடலில்தான் இருக்கிறது. அந்த நரம்புப் பாதையை மூளைப் பக்கத்திலிருந்தும் அமைதிப்படுத்த முடியும் என்பதுதான் இந்தச் சிகிச்சைகளின் அடிப்படை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், எந்த நோய் என்பது தெளிவாக வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உளவியலாளர் பிறகு, கேஸ்ட்ரோ டாக்டர் முதலில். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் குடலில் அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு பிடிபடும். குடல் அழற்சி நோயான கிரோனைப் போலவே தோற்றமளிக்கும் குடல் காசநோய் நம் நாட்டில் இருக்கிறது என்பதால் இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிக் குதிக்கக் கூடாது.

சரி, ஐபிஎஸ்தான் என்று உறுதியாகிவிட்டது. சாப்பாட்டை மாற்றிப் பார்த்தாயிற்று, மாத்திரையும் போட்டாயிற்று, இன்னும் அவதிதான். சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-லேயே, 12 மாதம் மருந்தெடுத்தும் குணம் தெரியாதவர்களுக்கு உளவியல் சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொன்னது. 2020-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 41 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 4,072 பேரையும் அலசியது. பல சிகிச்சைகள் பலன் தருகின்றன, ஆனால் இதுதான் மற்றவற்றை வென்றது என்று எதையும் கைகாட்ட முடியவில்லை. நீண்டகாலச் சான்று அதிகம் சேர்ந்திருப்பது இரண்டுக்கு: சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, குடலை மையமாகக் கொண்ட ஹிப்னோதெரபி. ஆகவே 'எது சிறந்தது' என்ற கேள்வியைவிட 'என்னை அதிகம் வாட்டுவது எது' என்ற கேள்வியே நம்மைச் சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது என் கருத்து.

பயம் ஆட்சி செய்கிறதென்றால் சிபிடி

மதுரையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போக வேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார். காலையில் தண்ணீர்கூட அளந்துதான். பையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை, மாற்று உடுப்பு, படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டு. மனதுக்குள் ஒரே ஓட்டம்: "நடுவழியில வந்துட்டா? கண்டக்டர் நிறுத்துவாரா? எல்லாரும் பார்ப்பாங்களே." வண்டி கிளம்புமுன்பே வயிறு பிசைய ஆரம்பிக்கிறது. அடுத்த முறை அவர் பயணத்தையே தவிர்க்கிறார். பிறகு கல்யாண வீடு, பிறகு ஆபீஸ் மீட்டிங். நோய் பறித்துக்கொண்டதைவிட அதிகமாக நோயைப் பற்றிய பயம் பறித்துக்கொள்கிறது.

சிபிடி கைவைப்பது இந்தச் சுழலில். முதல் வாரங்களில் ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள்: என்ன நேரம், எங்கே இருந்தேன், வயிறு என்ன செய்தது, மனதில் என்ன ஓடியது, பயம் நூற்றுக்கு எவ்வளவு, அடுத்து என்ன செய்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பக்கங்களே பேச ஆரம்பித்துவிடும். அதன் பிறகு படிப்படியான பயிற்சி. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பெரியார் நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை டவுன் பஸ். அது பழகியதும் மேலூர் வரை. அப்புறம் மாத்திரையைப் பையில் வைக்காமல் அதே மேலூர். கடைசியில் திருச்சி. 'வரவே வராது' என்று யாரும் சத்தியம் செய்து தர மாட்டார்கள். வந்தால் என்ன செய்யலாம் என்பதும், நினைத்த அளவுக்கு அது வருவதில்லை என்பதும் நம் அனுபவத்திலேயே தெரிந்துவிடும். கூடவே நேரத்துக்குச் சாப்பிடுவது, வயிறு வரை இழுத்து மூச்சுவிடுவது, மலம் கழிக்கும் பழக்கத்தை ஒழுங்காக்குவது என்று நடைமுறை வேலைகளும் உண்டு.

சான்று என்று பார்த்தால் சவுத்தாம்ப்டனிலும் லண்டனிலும் நடந்த ஆக்டிப் சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வழக்கமான சிகிச்சையில் குணம் காணாத 558 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்குத் தொலைபேசியில் சிபிடி, சிகிச்சையாளரோடு மொத்தம் 8 மணி நேரம். இன்னொரு பிரிவுக்கு இணையதளம் வழியாகப் பாடங்களும் இரண்டரை மணி நேரப் பேச்சும். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். 24 மாதம் கழித்துக் கணிசமான முன்னேற்றம் கண்டவர்கள் தொலைபேசிப் பிரிவில் சுமார் 71 சதவீதம், இணையப் பிரிவில் 63, மூன்றாவது பிரிவில் 46. இரண்டு வருடம் கழித்தும் வித்தியாசம் நிற்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. நேரில் போகாமல் போனிலேயே இது நடந்தது என்பது தென்காசியிலோ தருமபுரியிலோ இருப்பவருக்கு இன்னும் பெரிய செய்தி.

அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகம் 436 பேரை வைத்து நடத்திய சோதனை 2018-ல் வெளிவந்தது. நான்கே அமர்வுகளோடு வீட்டில் தானே பயிற்சி செய்த பிரிவு, பத்து அமர்வுகள் பெற்ற பிரிவுக்குச் சளைக்கவில்லை: தேறியதாகச் சொன்னவர்கள் முறையே 61 சதவீதம், 55 சதவீதம். நோயைப் பற்றி விளக்கமும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களிலேயே 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தேறியதாகச் சொன்னார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. காது கொடுத்துக் கேட்கும் ஒருவர் கிடைப்பதே பாதி மருந்தாகிறது. அதே சமயம், இந்தச் சோதனைகளில் வரும் சதவீதம் முழுவதையும் சிபிடியின் கணக்கில் எழுதவும் முடியாது.

சிபிடியின் குறை: உழைப்பு நம்முடையது. நோட்டு எழுதாமல், பஸ் ஏறாமல், அமர்வுக்கு மட்டும் போய்வந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

வலியும் உப்புசமும்தான் என்றால் ஹிப்னோதெரபி

பயணம் போகிறேன், கல்யாணத்தில் சாப்பிடுகிறேன், பயமெல்லாம் இல்லை, ஆனால் வலியும் வயிற்று உப்புசமும் உயிரை எடுக்கின்றன என்பவருக்கு நான் முதலில் சொல்வது ஹிப்னோதெரபி. ஹிப்னாடிசம் என்றதும் சினிமாவில் சங்கிலியை ஆட்டுவதும் ரகசியங்களைக் கறப்பதும் நினைவுக்கு வரலாம். இதில் அப்படி ஏதும் கிடையாது. நினைவு தப்பாது, எப்போது வேண்டுமானாலும் கண் திறக்கலாம். சாய்ந்து உட்கார்ந்து உடலைத் தளர்த்தியதும், அடிவயிற்றில் உள்ளங்கையை வைக்கச் சொல்வார்கள். கையின் கதகதப்பு மெல்ல உள்ளே இறங்குவதாக உணரச் சொல்வார்கள். பிறகு குடலை ஓர் ஆறாகக் கற்பனை செய்யச் சொல்வது மான்செஸ்டர் முறையில் வழக்கம். வயிற்றுப்போக்கு உள்ளவர் சீறும் ஆற்றை நிதானப்படுத்துகிறார், மலச்சிக்கல் உள்ளவர் தேங்கியதை ஓடவிடுகிறார். அந்த ஆறு உங்களுக்குத் தெரிந்த ஆறாக இருக்க வேண்டும். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவருக்குக் குறுக்குத்துறைப் படித்துறை சட்டென்று கண்முன் வரும், எங்கோ ஓடுகிற தெரியாத ஆறு வராது. ஆங்கிலத்தில் பேசும் செயலிகளை விட, நம் பேச்சுத் தமிழில் மெதுவாகச் சொல்லும் ஒருவர் கிடைத்தால் அவரையே விரும்புவேன். ஒலிப்பதிவை வாங்கிக்கொண்டு வீட்டில் தினமும் கேட்க வேண்டும். அந்த வீட்டுப் பயிற்சி பாதிச் சிகிச்சை.

இதன் தொடக்கம் 1984. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு, எதற்கும் மசியாத ஐபிஎஸ் கொண்ட 30 பேரை வைத்து லான்செட் இதழில் வெளியிட்ட சோதனை. பின்னாளில் அங்கேயே 1,000 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தபோது 76 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். 204 பேரைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு பதிவில், பலன் கண்டவர்களில் 81 சதவீதத்தினருக்கு அந்தப் பலன் ஐந்து வருடம் வரை நீடித்தது. கேட்க இனிக்கிறது. ஆனால் இந்த இரண்டு பதிவுகளிலும் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பிரிவு இல்லை. கைதேர்ந்த ஒரே மையத்தின் கணக்கு அது.

அதனால் நெதர்லாந்தில் 354 பேரோடு நடந்து 2019-ல் வெளிவந்த சோதனையைத்தான் நான் நம்பகமாக எடுத்துக்கொள்கிறேன். சாதாரண மருத்துவமனைகளில் ஆறே அமர்வுகள். மூன்று மாத முடிவில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் தனியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 40 சதவீதம், குழுவாகப் பெற்றவர்களில் 33, விளக்கமும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் 17. மான்செஸ்டரின் 76 இங்கே 40 ஆகிறது. ஆனாலும் எதிர்ப்பிரிவை விட இரண்டு மடங்குக்கு மேல். ஒரு வருடம் கழித்துக் குழுப் பிரிவு 50 சதவீதத்தைத் தொட்டது. ஒருவருக்குத் தனியாக ஆகும் செலவைக் குழுவில் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்பதால் நம் ஊர் மருத்துவமனைகள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு ஹிப்னோதெரபி பொருந்தாது. பழைய வன்முறை அனுபவங்களின் காயம் ஆறாதவர்களுக்கும் அதில் தேர்ந்தவர் துணை இல்லாமல் கூடாது. 'ஹிப்னாடிஸ்ட்' என்று போர்டு மாட்டிய எல்லோருக்கும் குடலைப் பற்றித் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழகத்தில் இந்த முறையைக் கற்றவரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல, சிபிடிக்கு ஆள் கிடைப்பது அதைவிட எளிது. பலருக்கு முடிவை இந்த ஒரு காரணமே தீர்மானித்துவிடும், அதில் தவறும் இல்லை.

உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையும் எதிர்ப்பக்கத்தில்

ஃபாட்மேப் (குடலில் சரியாகச் செரிக்காமல் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவுச்சத்துகள்) குறைந்த உணவுமுறையை இப்போது பல டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பில் பெரும்பகுதி எல்லாம் சில வாரங்களுக்கு விலக்கு. வெங்காயமில்லாத சாம்பாரும் பூண்டில்லாத ரசமும் ஒரு வீட்டில் தனியாக ஒருவருக்கு மட்டும் வைப்பது எவ்வளவு சிரமம் என்பது சமைக்கிறவருக்குத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2016-ல் 74 பேரை வைத்து இந்த உணவுமுறையையும் ஹிப்னோதெரபியையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டிலும், இரண்டையும் சேர்த்துச் செய்த பிரிவிலும், ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் தேறினார்கள். சோதனை சிறியது என்றாலும், உணவைக் குறுக்காமலும் அதே இடத்துக்குப் போய்ச் சேர வழியுண்டு என்று காட்டுகிறது. ஏற்கெனவே பயத்தால் இட்லி, தயிர்சாதம் என்று சுருங்கிப்போய் எடை இழந்துகொண்டிருப்பவர் மேலும் ஒரு விலக்குப் பட்டியலைக் கையில் எடுக்கவே கூடாது. அவருக்கு வேண்டியது சிபிடி.

மாத்திரையில், இரவு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின். மருந்துக்கடையில் "இது டிப்ரஷன் மாத்திரையாச்சே" என்று யாரோ சொல்ல, வீட்டுக்கு வந்து அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். இந்தச் சிறு அளவில் அது வேலை செய்வது குடல் வலி நரம்புகளின் மீது. பிரிட்டனில் 463 பேரிடம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த அட்லாண்டிஸ் சோதனையில், ஆறு மாதத்தில் ஐபிஎஸ் தீவிர மதிப்பெண் (500-க்குப் போடுவது, கடைசியில் விளக்குகிறேன்) போலி மாத்திரைப் பிரிவைவிட 27 புள்ளி குறைந்தது. ஆக்டிப்பில் தொலைபேசி சிபிடிக்கு ஒரு வருடத்தில் 61 புள்ளி. இதைப் பார்த்து மாத்திரையை ஒதுக்கிவிட வேண்டாம். ஒன்றில் ஒப்பீடு போலி மாத்திரையோடு, மற்றதில் வழக்கமான மருத்துவத்தோடு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. வாய் உலர்தல், பகல் தூக்கம் தொந்தரவு செய்யாதவருக்கு மாத்திரை மலிவான, எளிதான வழி. மாத்திரையும் சிபிடியும் ஒன்றாக எடுக்கவும் தடையில்லை.

கிரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றால் கணக்கே வேறு

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குடல் புண்ணாகி ரத்தம் கசியும் இந்த நோய்களில் உளவியல் சிகிச்சை அழற்சியைத் தணிக்கும் என்று நம்ப இப்போதைக்கு ஆதாரம் போதாது. 2023-ல் வெளியான தொகுப்பாய்வும், நோய்த் தீவிரம் மாறவில்லை, பதற்றமும் மனச்சோர்வும் வாழ்க்கைத் தரமும் குறுகிய காலத்துக்குக் கொஞ்சம் மேம்பட்டன என்றுதான் சொல்கிறது. மெசலமைன், அசத்தியோப்ரின் போன்ற அழற்சி மருந்துகளையோ ஊசியையோ நிறுத்திவிட்டுத் தியானத்துக்குப் போகச் சொல்லும் யாரையும் கேட்காதீர்கள். அந்த அறிவுரை குடலையே இழக்க வைக்கும்.

ஹிப்னோதெரபி இங்கே தடுமாறுகிறது. அமெரிக்காவில் 54 கொலைட்டிஸ் நோயாளிகளோடு நடந்த சிறு சோதனையில், ஒரு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஹிப்னோதெரபிப் பிரிவில் 68 சதவீதம், மற்ற பிரிவில் 40. நம்பிக்கை தந்த எண்தான். ஆனால் அழற்சி அடங்கிய பிறகும் ஐபிஎஸ் போன்ற தொந்தரவு விடாத 80 பேரிடம் நெதர்லாந்தில் செய்து பார்த்தபோது, வழக்கமான மருத்துவத்தைவிட அது மேலாக இல்லை. அழற்சி அடங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொந்தரவு மிச்சமிருக்கிறது என்பதால் இது சின்ன ஏமாற்றமில்லை.

இவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆக்ட் என்கிற ஏற்புசார் சிகிச்சை. நோய் போகப்போவதில்லை என்ற உண்மையோடு சண்டை போடுவதைக் குறைத்து, நமக்கு முக்கியமானவற்றை நோயை வைத்துக்கொண்டே செய்யப் பழக்குகிறது. டப்ளினில் 79 பேரோடு 2019-ல் வெளிவந்த சோதனையில் மன அழுத்தம் எட்டு வாரத்தில் 39 சதவீதம் குறைந்தது. அழற்சியின் அளவுகள் மாறவில்லை. எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு அந்த இரண்டு முடிவுகளும் போதும்.

இந்தக் கணத்தில் நடப்பதை மட்டும் கவனிக்கப் பழக்கும் மைண்ட்ஃபுல்னஸ் தியானம் ஐபிஎஸ் உள்ள பெண்களுக்கு உதவியதாக வட கரோலினாவில் 75 பேரோடு ஓர் ஆய்வு உண்டு. யோகாவும் ஃபாட்மேப் உணவும் ஜெர்மனியின் 59 பேர் சோதனையில் சமமாகவே நின்றன. தெருமுனையிலேயே யோகா வகுப்பு இருப்பவர் செலவில்லாமல் தொடங்கலாம். ஆழ்ந்த துயரமோ குடும்பச் சிக்கலோ நோயோடு பின்னிக் கிடப்பவர்களுக்கு உறவுகளைப் பேசித் தெளியும் உளப்பகுப்பு முறை பொருந்தலாம். மலச்சிக்கல் மட்டுமே முக்கியத் தொந்தரவு, முக்கியும் வெளியேறுவதில்லை என்றால், இடுப்புத் தசை இயக்கத்தைச் சோதித்து பயோஃபீட்பேக் பயிற்சி (தசை எப்படி இயங்குகிறது என்பதைக் கருவியில் பார்த்தே சரிசெய்யப் பழகுவது) கேளுங்கள். அங்கே பேச்சுச் சிகிச்சையில் காலம் கடத்த வேண்டாம்.

பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து "வயித்த வலிக்குதும்மா" என்று சுருளும் குழந்தைகளை நடிக்கிறதாகத் திட்டுகிறோம். 8 முதல் 18 வயது வரையிலான 53 பிள்ளைகளிடம் நெதர்லாந்தில் செய்த சோதனையில், ஒரு வருடம் கழித்து ஹிப்னோதெரபி பெற்றவர்களில் 85 சதவீதம் வலி நீங்கியிருந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 25. பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் கற்பனை சீக்கிரம் வசப்படுகிறது. குழந்தைக்கு என்றால் நான் யோசிக்காமல் ஹிப்னோதெரபியைத்தான் முதலில் தேடுவேன்.

யாரிடம் போவது

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற, மருத்துவ உளவியலில் எம்ஃபில் படித்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐத் தமிழிலேயே அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

முதல் அமர்வுக்குப் போகுமுன் ஐபிஎஸ் தீவிர மதிப்பெண்ணைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலி எவ்வளவு, பத்து நாளில் எத்தனை நாள் வலி, உப்புசம் எவ்வளவு, மலம் கழிப்பதில் எவ்வளவு அதிருப்தி, வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 100. மொத்தம் 500-ல் 175-க்கு மேல் மிதம், 300-க்கு மேல் தீவிரம். 50 புள்ளி குறைந்தால் அது நிஜமான மாற்றம். சிகிச்சையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: குடல் நோயாளிகளை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா, வீட்டில் நான் செய்ய வேண்டியது என்ன, மொத்தம் எத்தனை அமர்வுகள். மூன்றாவது கேள்விக்கு "போகப் போகப் பார்ப்போம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறொருவரைப் பாருங்கள். நான்கைந்து அமர்வு முடிந்ததும் மறுபடி மதிப்பெண் போடுங்கள். நகரவில்லை என்றால் அவரிடமே சொல்லி, முறையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.